ஐப்பசி மழையில் வளைகாப்பு: 60 பேருக்கு வீட்டுப் பலகாரமும் தாம்பூலப் பையும்

காவிரிக்கரை:

வணக்கம். தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பு, ஐப்பசி கடைசி ஞாயிறு, திருச்சியில் எங்கள் வீட்டிலேயே. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பெண்கள் மட்டும் 60 பேர் வருவார்கள். பலகாரத்தைக் கடையில் சொல்லாமல் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பது அம்மாவின் ஆசை. அடுப்படியில் அம்மா, சித்தி, நான் என மூன்று பேர். இரண்டு பர்னர் அடுப்பு.

தாம்பூலப் பையில் ஆளுக்கு இரண்டு அதிரசம், இரண்டு தேன்குழல், ஒரு மைசூர்பாகு வைக்கலாம் என்று நினைக்கிறோம். எவ்வளவு சாமான் வாங்க வேண்டும், எதை எந்த நாளில் செய்ய வேண்டும்? மழை நாளாக இருப்பதால் முறுக்கு நமுத்துப் போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பையில் வழக்கமான பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் கிண்ணம் எல்லாம் வேண்டாம். எல்லார் வீட்டுப் பரணிலும் அதுதான் கிடக்கிறது. கையில் எடுத்துப் போய்ப் பயன்படுத்துகிற மாதிரி என்ன கொடுக்கலாம்? தங்கைக்கென்று தனியாக, கையால் செய்து கொடுக்கக்கூடிய ஒன்றும் சொல்லுங்கள். கட்டுச்சோறும் நாங்கள்தான் செய்கிறோம், அதற்கும் அளவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.

---

எண்ணெய்ச்சட்டி:

வாழ்த்துகள். முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டிரண்டு என்றால் 120 அதிரசம். ஒன்று வேக ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும், ஒரு சட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போட வேண்டும். தட்டி, பொரித்து, அழுத்தி எடுக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். கடைசி முப்பதைச் சுடும்போது கை தளர்ந்து, தீயைக் கூட்டி, கருக்கிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு அதிரசம், இரண்டு தேன்குழல், ஒரு மாலாடு போதும்.

மைசூர்பாகை இந்தச் சமயத்தில் தொடாதீர்கள். அரை நிமிடம் தாமதித்தால் கல்லாகிவிடும், அரை நிமிடம் முந்தினால் அல்வா மாதிரி நின்றுவிடும். மாலாடுக்குப் பாகே கிடையாது, ஒரு வாரம் முன்னால் பிடித்து வைத்தாலும் ருசி மாறாது.

அதிரசத்துக்கு அளவு: மாவு பச்சரிசி 1¼ கிலோ, பாகு வெல்லம் 950 கிராம். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பதுதான் கணக்கு. ஒரு உருண்டை 35 கிராம் என்று பிடித்தால் 70க்குக் குறையாமல் வரும். 60 பைக்குப் போக மீதி, சீர்த்தட்டில் அடுக்கவும் பதம் பார்க்கப் பொரிப்பதற்கும் சரியாக இருக்கும்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கால் மணி நேரம் வடியவிட்டு, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். வெயில் நாளில் 20 நிமிடத்தில் ஆகிற வேலை இது. ஐப்பசியில் மின்விசிறிக்கு அடியில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், ஆகவே கடிகாரத்தை நம்பாமல் கையை நம்புங்கள். உள்ளங்கையை அரிசி மேல் வைத்து எடுத்தால் நாலைந்து மணி ஒட்டிக்கொண்டு வரவேண்டும், கையில் தண்ணீர் தெரியக்கூடாது. அதுதான் பதம். அரைத்துச் சலித்த மாவைக் கைப்பிடியில் இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். உதிர்ந்தால் மாவு உலர்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்த மாவில் செய்த அதிரசம் மறுநாளே விறைக்கும். கடை பாக்கெட் அரிசி மாவில் இதைச் செய்யவே முடியாததற்குக் காரணமும் இதுதான். சலித்த மாவைத் திறந்து வைக்காமல் மூடி வையுங்கள்.

வெல்லத்தைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி மண் நீக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரையும். அப்புறம் அடியில் போய்ப் படியும், ஆனால் கையில் சேராது. அதற்கடுத்து, விரலால் கூட்டினால் மெத்தென்று உருளும், தூக்கினால் தொய்யும். தக்காளிப் பதம் என்று சொல்வது இதைத்தான். அந்த நொடியே அடுப்பை அணைத்துவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 112 முதல் 115 டிகிரி செல்சியஸ். சொட்டைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வந்தால் கடந்து போய்விட்டது, அது வேர்க்கடலை உருண்டைக்கான பாகு.

இறக்கியதும் ஏலக்காய் 12, சுக்குப்பொடி ஒன்றரை டீஸ்பூன், எள் ஒரு மேசைக்கரண்டி. மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி மாவைக் கடைசிவரை எடுத்து வைத்திருங்கள், வெல்லத்துக்கு வெல்லம் மாவு இழுப்பது மாறும். கிளறி முடிக்கும்போது சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, கரண்டியிலிருந்து கட்டியாக விழுகிற மாதிரி இருக்க வேண்டும். ஆறினால் தானே இறுகும். சூட்டிலேயே கெட்டியாக இருந்தால் மறுநாள் உடைக்கச் சுத்தியல் வேண்டியிருக்கும். மேலே ஒரு கரண்டி நெய் ஊற்றி, துணி கட்டி, வெளியிலேயே வையுங்கள். குறைந்தது ஒரு நாள், இரண்டு நாள் இருந்தால் இன்னும் நல்லது. மாவு வெல்லத்தின் ஈரத்தை முழுதாக இழுத்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

சுடுகிற நாளில் வாழையிலையில் நெய் தடவி, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். மிதமான தீ. எண்ணெயில் போட்டதும் அடியில் போய், மூன்று நான்கு நொடியில் மேலே எழும்ப வேண்டும். உடனே எழும்பினால் சூடு அதிகம், வெளியே கறுத்து உள்ளே மாவாக இருக்கும். அடியிலேயே கிடந்தால் எண்ணெய் குடிக்கும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்று போடாமல் தனித்தனியே ஆறவிடுங்கள். சூட்டோடு அடுக்கினால் ஆவி இறங்கி மூன்றாம் நாள் பூஞ்சை வரும்.

எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு இளசு. சலித்த ஈர மாவில் ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று போட்டுப் பாருங்கள். அதற்காகவே ஒரு பிடி ஈர மாவை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருப்பது நல்லது.

---

பொன்னியரிசி:

அதிரசத்துக்கு மேலே சொன்னதுல மாத்த ஒண்ணும் இல்லைங்க. தேன்குழலும் மாலாடும் நான் சொல்றேன்.

தேன்குழலுக்கு பச்சரிசி மாவு ஒன்றரை கிலோ, வறுத்து அரைச்ச உளுத்தமாவு 300 கிராம், வெண்ணெய் 100 கிராம், உப்பு நாலரை டீஸ்பூன், சீரகம் மூணு டீஸ்பூன், பெருங்காயம் கரைச்ச தண்ணி. கையகல முறுக்கா 120, 130 வரும். உளுந்தை நிறம் மாறாம வாசனை வர்ற வரைக்கும் மட்டும் வறுங்க. சிவந்துட்டா முறுக்கும் சிவப்பாதான் வரும், தேன்குழலுக்கு அது அழகில்லை.

மாவை ரெண்டு தடவை சலிக்கணும். இது சும்மா சொல்றதில்லை. உளுந்துல ஒரு குருணை இருந்தாலும் அதுக்குள்ள தண்ணி அடைஞ்சு எண்ணெயில வெடிக்கும், மூஞ்சியில தெறிக்கும். எள்ளு போடுறதா இருந்தா கழுவி நல்லா காயவெச்சுப் போடுங்க. அச்சுல மாவை அடைக்கும்போதும் நடுவுல காத்து நிக்காம அழுத்தி அடைங்க.

மொத்த மாவையும் ஒரேயடியா பிசையாதீங்க. வெண்ணெயும் உப்பும் மொத்தமா உலர் மாவுல கலந்துட்டு, தண்ணி மட்டும் நாலு ஈடா ஊத்திப் பிசைங்க. பிசைஞ்ச மாவு ஒரு மணி நேரம் கிடந்தா புளிப்பு ஏறி சிவக்கும், எண்ணெயும் குடிக்கும்.

வெந்ததுக்கு அடையாளம் நிறம் கிடையாது, சத்தம். போட்டதும் சலசலன்னு நுரை கிளம்பும். அந்த ஓசை அடங்கி நுரை ஓரத்துல மட்டும் நிக்கும்போது எடுங்க. ஓசை இருக்கும்போதே எடுத்தா உள்ள ஈரம் இருக்கு, சாயங்காலமே நமுத்துடும். மழைக்குப் பழி போடுறோமே தவிர, பாதி நமுப்பு அரைகுறையா வேகுறதாலதான் வருது.

மீதிப் பாதிக்கு வழி: கை பொறுக்கிற சூடு வந்ததும் டின்ல போட்டு மூடுங்க. ஐப்பசியில ராத்திரி முழுக்கத் தாம்பாளத்துல பரப்பி வெச்சா காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துக்கும். சுடச்சுட மூடினாலும் ஆவி இறங்கிக் கெட்டுடும், ஆகவே முக்கால் மணி நேரம்தான் கணக்கு. அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே டின்ல வைக்கவே கூடாது. அதிரசத்துல இருக்கிற ஈரம் முறுக்குக்குப் போகும். ரெண்டும் கெடும்.

எண்ணெய் கடலெண்ணெய் ரெண்டு லிட்டர் சட்டியில இருக்கணும், செலவாகுறது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல. முறுக்கு முதல்ல சுட்டுட்டு அப்புறம் அதே எண்ணெயில அதிரசம் போடலாம். மாத்திச் செஞ்சா அதிரசத்து வெல்லம் கரிஞ்சு அடியில நிக்கும், முறுக்குல கறுப்புப் புள்ளி விழும்.

மாலாடுக்கு: பொட்டுக்கடலை ஒரு கிலோ, சர்க்கரை 750 கிராம், நெய் 400 கிராம், ஏலக்காய் 15, முந்திரி 100 கிராம். 30 கிராம் உருண்டையா எழுபது வரும். பொட்டுக்கடலையைச் சின்னத் தீயில மூணு நாலு நிமிஷம் சூடு காட்டி, ஆறவெச்சு, நைசா அரைச்சுச் சலிங்க. மழைக்காலத்துல கடலை பதத்துப் போயிருக்கும், சூடு காட்டாம அரைச்சா மாவு திரளும், பச்சை வாசனையும் வரும். சர்க்கரையை ஏலக்காயோட பொடிச்சுக் கலந்து, கலந்த மாவை நாலு பங்கா பிரிச்சு, நெய்யை நல்லா காயவெச்சு ஒரு பங்குக்கு 100 கிராம் வீதம் ஊத்தி ஊத்திப் பிடிங்க. மொத்தமா ஊத்தினா பாதி பிடிக்கிறதுக்குள்ள ஆறிடும், உருண்டை உதிரும். உதிர்ந்தா ஒரு கரண்டி சூடான நெய் விடுங்க, பால் தெளிக்காதீங்க. பால் பட்டா ரெண்டு நாள்தான் இருக்கும்.

நாள் கணக்கு: செவ்வாய் மாலாடு. புதன் ராத்திரி அதிரசப் பாகு. வியாழன் தேன்குழல். வெள்ளி சாயங்காலம் அதிரசம் சுடுறது. சனி மத்தியானம் கட்டுறது. ஞாயிறு காலையில பலகாரத்து மேல யாரும் கை வைக்கத் தேவையில்லாம இருக்கணும், அன்னிக்குக் கட்டுச்சோறு இருக்கு.

---

நூலும் ஊசியும்:

பைக்கு என் யோசனை காடாத் துணியில் தைத்த பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. காய்கறிக் கடைக்குத் துணிப்பை எடுத்துப் போகிற பழக்கம் திரும்பி வருகிறது. நல்ல அளவில் தைத்த பையை யாரும் பரணில் போட மாட்டார்கள்.

48 அங்குல அகலக் காடா வாங்குங்கள், 60 பைக்குப் பத்து மீட்டர். வெட்டுவதற்கு முன் ஒரு முறை தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள், கஞ்சி போட்ட காடா முதல் சலவையில் நன்றாகவே சுருங்கும். அப்புறம் நீளவாக்கில் 24 அங்குலத்துக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டின் அகலத்தில் 10 அங்குலமாக நான்கு பை போக, 8 அங்குலப் பட்டை மிஞ்சும். அதை 2 அங்குல அகலத்தில் நான்கு கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு கீற்றையும் பாதியாக வெட்டினால் எட்டுக் கைப்பிடி. நான்கு பைக்குச் சரி. துணி துளி வீணாகாது. 10க்கு 24 துண்டை நடுவில் மடித்தால் அடியில் தையலே வராது, இரண்டு பக்கமும் வாயும் மட்டும்தான். கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டுச் சதுரம் கட்டுங்கள், பை கிழிவது எப்போதும் அங்கேதான்.

வீட்டிலேயே மஞ்சளில் முக்கிச் சாயம் ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவப்புத் திட்டாகும். ஆரத்தியில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதி. காடாவின் சொந்த நிறமே நன்றாக இருக்கிறது. ஒரு ஓரத்தில் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு வளையல் தையல் போட்டால் எந்த விசேஷத்துப் பை என்று நினைவிருக்கும்.

வளையலைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். அளவு தவறினால் அத்தனையும் வீண், கண்ணாடி வளையலை இழுத்து மாட்டவும் முடியாது. கடையில் சொல்கிற 2-4, 2-6, 2-8 என்பது அங்குலமும் அதன் பதினாறில் ஒரு பங்குக் கணக்கும். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 57 மில்லிமீட்டர். 2-6 என்றால் 60, 2-8 என்றால் 63½ மில்லிமீட்டர். உங்கள் கூட்டத்துக்கு 2-4 இருபது ஜோடி டஜன், 2-6 இருபத்தைந்து, 2-8 பன்னிரண்டு, 2-10 ஐந்து, சிறுமிகளுக்குத் தனியே என்று வாங்கலாம். வாசல் பக்கம் அளவு எழுதிய நான்கு தாம்பாளத்தில் வைத்து, சித்தியை அங்கே உட்கார வைத்துவிடுங்கள். வருகிறவர்கள் கை பார்த்து, நிறம் பார்த்து, அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். மிஞ்சியதைப் பெட்டி பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் கை கொஞ்சம் வீங்கியிருக்கும். கல்யாணத்து அளவை நம்பாமல், முந்தின வாரம் ஒரு வளையலைப் போட்டுப் பார்த்து, ஒரு அளவு கூடுதலாக வாங்குங்கள். முதலில் போடும் வேப்பிலைக் காப்புக்கு இளங்குச்சியை அன்று காலையில்தான் ஒடிக்க வேண்டும், முதல் நாள் ஒடித்தது வளைக்கும்போது முறியும்.

---

காவிரிக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஒரு திருத்தம் கேட்கிறேன், 2-4 இருபது ‘ஜோடி டஜன்’ என்றால் ஆளுக்கு இரண்டு டஜனா?

இன்னொன்று, அம்மா ஒத்திகைக்காக அரைக் கிலோ அரிசிக்குப் பாகு வைத்தார். இரண்டு நாள் கழித்து மாவு இறுகிக் கிடக்கிறது, தட்டினால் ஓரம் வெடிக்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

---

நூலும் ஊசியும்:

இல்லை, ஆளுக்கு ஒரு டஜன். ஒரு கைக்கு ஆறு, இரண்டு கைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. அதைத்தான் ஜோடி என்றேன்.

---

எண்ணெய்ச்சட்டி:

முடியும். பாகு ஒரு கொதி அதிகம் போயிருக்கிறது, அல்லது மாவு உலர்ந்திருக்கிறது. மாவை உடைத்து ஆட்டுக்கல்லிலோ அகலத் தட்டிலோ போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஒரு டீஸ்பூன் தெளித்து நன்றாக இடித்துப் பிசையுங்கள். இரண்டு நிமிடம் பிசைந்த பிறகு மட்டும் அடுத்த டீஸ்பூன். அரைக் கிலோவுக்கு மூன்று நான்கு டீஸ்பூனுக்கு மேல் போகாது. ஓரம் வெடிக்காமல் தட்ட வந்ததும் நிறுத்தி, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு ஒன்று மட்டும் சுட்டுப் பாருங்கள்.

கனிந்த வாழைப்பழம் அல்லது பால் சேர்த்துப் பிசையச் சொல்வார்கள். மெத்தென்று வரும், உண்மைதான். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் வைக்க முடியாது. வீட்டில் சாப்பிட என்றால் செய்யுங்கள், பைக்குள் வைப்பதற்குக் கூடாது.

விசேஷத்து ஈட்டில் தக்காளிப் பதம் வந்ததும் அடுப்பை அணைப்பதோடு நிற்காமல், பாத்திரத்தையே அடுப்பிலிருந்து இறக்குங்கள். கனமான உருளியில் அடுப்பை அணைத்த பிறகும் பாகு ஏறிக்கொண்டே இருக்கும்.

---

கல்லிடைச் சமையல்:

கட்டுச்சோற்றுக்கு அளவு. கலந்த சாதம் ஐந்து வகை என்று வைத்தால், 60 பேருக்கு மொத்தம் ஆறரை கிலோ அரிசி போதும். பந்தியில் எல்லாரும் எல்லா வகையிலும் ஒரு கரண்டிதான் வாங்குவார்கள்.

புளியோதரை ஒன்றரை கிலோ, எலுமிச்சை ஒன்றேகால், தேங்காய் ஒன்று, சர்க்கரைப் பொங்கல் முக்கால் (இதோடு பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் ஒன்றரை கிலோ), தயிர்சாதம் இரண்டு கிலோ. தயிர்சாதம்தான் முதலில் தீரும்.

புளிக்காய்ச்சலை முந்தின ஞாயிறே வைத்துவிடலாம். புளி 200 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி. சுண்டி, எண்ணெய் மேலே தெளிந்து நிற்கிற வரைக்கும் கொதித்தால் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முதலில் கலப்பது இதுதான், நேரம் ஆக ஆக ஊறும். எலுமிச்சைச் சாதத்துக்குப் பன்னிரண்டு பழம். சாற்றைத் தாளிதத்தில் ஊற்றாமல், அடுப்பை அணைத்துச் சாதத்தில் கலக்கும்போது சேருங்கள், கொதித்தால் கசக்கும். தேங்காய்ச் சாதத்துக்கு மூன்று காய். அதைக் கடைசியில், பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளறுங்கள். அஞ்சில் முதலில் ஊசிப்போவது அதுதான்.

தயிர்சாதத்துக்குக் குழைய வடித்த சாதத்தை மசித்து, வெதுவெதுப்பான பால் மூன்றரை லிட்டர், உறைத் தயிர் அரை லிட்டர். காலை ஏழு மணிக்கு இப்படிக் கலந்தால் பன்னிரண்டு மணிக்குப் புளிக்காமல் சரியான பதத்தில் இருக்கும். முழுக்கத் தயிரில் பிசைந்தால் பத்து மணிக்கே புளித்துவிடும்.

வடித்த சாதத்தைக் குண்டானிலேயே மூடி வைக்காமல், உடனே அகலத் தாம்பாளங்களில் நல்லெண்ணெய் தெளித்துப் பரப்புங்கள். குழையாமல் இருப்பதற்கு மட்டும் சொல்லவில்லை, வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும் சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி வளரும். மாசமாக இருக்கிற பெண் சாப்பிடுகிற சாப்பாடு, இதில் சலுகையே கூடாது. தங்கைக்கு எடுத்து வைப்பதைக் கலந்த கையோடு தனிப் பாத்திரத்தில் எடுத்து, சடங்கு எவ்வளவு நீண்டாலும் முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுங்கள்.

---

நூலும் ஊசியும்:

தங்கைக்குக் கையால் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே. வீட்டுப் பழைய வேட்டியில் குழந்தைத் துணி தைத்துக் கொடுங்கள். பத்துப் பதினைந்து சலவை கண்ட பருத்தி வேட்டிக்கு இருக்கிற மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது, தண்ணீரையும் நன்றாக இழுக்கும். அப்பா, தாத்தா உடுத்திய வேட்டியாக இருந்தால் இன்னும் விசேஷம். பாலியஸ்டர் கலந்தது ஆகாது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் தெரியும், பருத்தி சாம்பலாக உதிரும், கலப்பு உருகி முடிச்சாகும்.

எட்டு முழ வேட்டியின் கரையை முதலில் கிழித்து நீக்குங்கள், சரிகை என்றால் கட்டாயம். மிச்சத்தில் 60 சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு வரும். மூன்று வேட்டியில் 36 துண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது துணி மாற்ற வேண்டியிருக்கும், மழை நாளில் காயவும் காயாது, ஆகவே 36 அதிகமில்லை. ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைக்காதீர்கள். தடித்த விளிம்பு இடுப்பில் உறுத்தும். ஒற்றை மடிப்பாகச் சுருட்டி, கையால் ஓட்டுத் தையல் போட்டாலே போதும். பொத்தான், மணி, நாடா எதுவும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து மடியுங்கள். நாப்தலின் உருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள், பச்சைக் குழந்தைக்கு அந்த வாசனையும் துணியில் தங்கும் மிச்சமும் ஆபத்து.

அம்மாவுடைய பழைய நூல் புடவை இருந்தால் தூளிக்கு ஒன்று எடுத்து வையுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விட்ட இடம் எங்கும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு மட்டும்.

இதையெல்லாம் அடுக்கி வைக்க மூடி போட்ட பனையோலைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். செட்டிநாட்டுக் கொட்டான் அழகுதான், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஆனால் அது சீர்த்தட்டுக்குப் பொருத்தம், துணி வைக்க ஆழம் போதாது.

---

காவிரிக்கரை:

வேட்டி யோசனை கேட்டு அம்மா இப்போதே பீரோவைத் திறந்துவிட்டார். தாத்தாவின் வேட்டி இரண்டு இருக்கிறது. கடைசியாக ஒன்று: பையில் அடுக்கும் முறை. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம், இதோடு பலகாரம். தேங்காய் வைக்கும் வழக்கமும் எங்களுக்கு உண்டு.

---

பொன்னியரிசி:

ஈரமானதையும் உலர்ந்ததையும் சேர விடாதீங்க, அவ்வளவுதான் கட்டுற சூத்திரம். கழுவின வெற்றிலையை அப்படியே பைக்குள்ள வெச்சா ரெண்டு மணி நேரத்துல பக்கத்துல இருக்கிற முறுக்கு தொய்ஞ்சுடும். துணியில ஒத்தி எடுத்து, இரட்டைப்படையா எண்ணி, பாக்கோட சேர்த்து வாழையிலைத் துண்டுல சுருட்டி வாழைநாரால கட்டுங்க. இதை ஞாயிறு காலையில செஞ்சா போதும்.

சனிக்கிழமை: ரெண்டு தேன்குழலை ஒரு பட்டர் பேப்பர் உறையில போட்டு வாயை ரெண்டு மடிப்பு மடிச்சு ஒட்டுங்க. அதிரசத்துக்குத் தனி பட்டர் பேப்பர், மாலாடுக்குத் தனி. செய்தித்தாள்ல எதையும் மடிக்காதீங்க. அச்சு மையில ஈயம் மாதிரி உலோகம் இருக்குன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2023ல எச்சரிச்சிருக்கு, எண்ணெய்ப் பலகாரத்துல அது சுலபமா ஏறும்.

தேங்காய் அடியில. அது பக்கத்துல பழம். வாழைப்பழம் ஐப்பசியிலயும் நசுங்கும், சின்ன சாத்துக்குடி ரெண்டு வையுங்க. மேல அதிரசம், மாலாடு. எல்லாத்துக்கும் மேல தேன்குழல். வெற்றிலைச் சுருட்டு ஓரமா, நிமிர்த்தி.

மஞ்சள் தூளா வேணாம், கிழங்கா ரெண்டு போடுங்க. தூள் பொட்டலம் எப்படியும் கசியும், காடாப் பையில கறை விழுந்தா போகாது. குங்குமத்துக்கு மூடி இறுகுற சின்ன மரச்சிமிழ். மல்லிகையைப் பைக்குள்ள வைக்கவே வேணாம், வாசனை மாலாடுல ஏறும், ஈரமும் விடும். வளையல் தாம்பாளத்துக்குப் பக்கத்துல ஒரு கூடையில பூவை முழமா வெட்டி வெச்சுட்டா, வளையல் போட்ட கையோட தலையில வெச்சுக்கிட்டு உள்ள வந்துடுவாங்க.

அறுபது பை அடுக்கும்போது பத்துப் பத்தா வரிசை போட்டு, ஒரு ஆள் ஒரு சாமானை மட்டும் எல்லாப் பையிலயும் போட்டுக்கிட்டே போங்க. ஒருத்தரே ஒரு பையை முழுசா நிரப்பினா எங்கேயாவது ஒரு பையில குங்குமம் விட்டுப்போகும், அது யார் கைக்குப் போகுதோ அவங்க மனசுல நிக்கும்.